ஒரு விவாகரத்து, இரண்டு வக்கீல் அலுவலகங்கள்: டெக்சஸில் என் அனுபவம்

முதல் வக்கீல் கடைசி வரைக்கும் கேட்காத கேள்வியை, இரண்டாவது வக்கீல் நான் நாற்காலியில் உட்கார்ந்த கையோடு கேட்டார். "உங்க கிரீன் கார்டுக்காக உங்க கணவர் கையெழுத்துப் போட்ட ஐ-864 படிவம் இருக்கா? நகல் கொண்டு வந்திருக்கீங்களா?"

எனக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. விசா வேலை முழுக்க அவர்தான் பார்த்தார். நான் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போனேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

2025 மார்ச்சில் டாலஸ் பக்கம் நான் போய்ப் பார்த்த இரண்டு அலுவலகங்களைப் பற்றித்தான் இது. பெயர் இரண்டையுமே எழுதவில்லை. எழுதினால் என் வழக்கு எது என்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இந்த நாட்டில் கல்யாணத்தின் மூலம் கிரீன் கார்டு வாங்கிய ஒரு பெண், விவாகரத்து என்று வந்தால் எந்த மாதிரி அலுவலகத்தைத் தேட வேண்டும் என்பதை நான் 200 டாலர் வீணாக்கித் தெரிந்துகொண்டேன். அது இன்னொருத்திக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் நிலைமை இது. 2021 நவம்பரில் கல்யாணம். அவர் அமெரிக்கக் குடிமகன். 2023 ஜூன் 17-ம் தேதி, குடிமகனின் மனைவிக்குக் கொடுக்கும் சிஆர்-1 விசாவில் வந்து இறங்கினேன். வந்த அன்று கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாததால் கிடைத்தது கண்டிஷனல் கிரீன் கார்டு, இரண்டு வருஷத்துக்கு மட்டும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற மனு போட்டால்தான் நிபந்தனை நீங்கும். எங்களுக்கு அந்த 90 நாள் ஆரம்பிக்கும் மார்ச் மாதத்தில்தான், 6-ம் தேதி, விவாகரத்துப் பேப்பர் என் கைக்கு வந்தது. "கையெழுத்துப் போட மாட்டேன், கார்டைக் கேன்சல் பண்ணிடுவேன், ஊருக்குக் கிளம்பு" என்று அவர் அதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தார்.

முதல் அலுவலகத்தைக் கூகுளில் பார்த்துத்தான் பிடித்தேன். பெரிய கட்டடம், நிறைய நட்சத்திரங்கள். அரை மணி நேரத்துக்கு 200 டாலர். குறை மட்டும் சொல்லக்கூடாது, ஒரு விஷயத்தை அந்த வக்கீல் மிகச் சரியாகச் சொன்னார். டெக்சஸில் பேப்பர் கையில் கிடைத்து 20 நாள் கழிந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் மனு போட வேண்டும். எனக்கு அது மார்ச் 31. விட்டிருந்தால் நான் இல்லாமலேயே என் கணவர் தீர்ப்பு வாங்கியிருக்க முடியும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினார். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் ஜீவனாம்சம் பற்றிக் கேட்டதும் ஒரே வரியில் முடித்துவிட்டார். டெக்சஸில் கல்யாணம் 10 வருஷமாவது நீடித்திருக்க வேண்டும், உங்களுக்கு மூன்றரைகூட ஆகவில்லை, ஒன்றும் கிடைக்காது. பிறகு என் கணவர் பக்கத்து வக்கீல் அனுப்பியிருந்த வரைவுத் தீர்ப்பைப் புரட்டிப் பார்த்து, "நியாயமாத்தான் இருக்கு, கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். கிரீன் கார்டு என்ன ஆகும் என்று கேட்டேன். அது இமிகிரேஷன் வக்கீல் பார்க்க வேண்டியது, நாங்கள் அதைப் பார்ப்பதில்லை என்றார். எழுந்திருக்கும்போது, ஊருக்குப் போய்ப் பெற்றோருடன் இருப்பதையும் யோசிக்கலாமே என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பான வார்த்தை எனக்கு எவ்வளவு நஷ்டம் பண்ணியிருக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

காரில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். "விட்டுட்டு வந்துரும்மா, நாங்க இருக்கோம்" என்றார். அன்று ராத்திரி விமான டிக்கெட் விலைகூடப் பார்த்தேன்.

இரண்டாவது அலுவலகத்தைச் சொன்னது, நான் வேலை பார்க்கும் டே கேரில் கூட இருக்கும் ஒரு அக்கா. "குடும்பச் சட்டம் தனியா, இமிகிரேஷன் தனியா அலையாத. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற எடம் பாரு" என்றார். அப்படிப்பட்ட ஒரு சின்ன அலுவலகம் இர்விங்கில் இருந்தது. அப்பாயின்ட்மென்ட் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. மார்ச் 25-ம் தேதிதான் கொடுத்தார்கள், பதில் மனுவுக்கு ஆறே நாள் பாக்கி. போன் செய்து கெஞ்சியும் முன்னால் தரவில்லை. அந்த இரண்டு வாரத்தில் ஒரு இரவும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. இவ்வளவு நெருக்கடியான தேதி வைத்திருப்பவர்களுக்கு வாரத்தில் ஓர் அவசர நேரமாவது ஒதுக்க வேண்டும். இதை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு 300 டாலர். உள்ளே போனால் இரண்டு வக்கீல்கள், ஒருவர் குடும்ப வழக்கு, இன்னொரு அம்மா இமிகிரேஷன். மேஜையில் ஸ்பீக்கர் போன், அதில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், ஆனால் வாழ்க்கையைப் பற்றிய விஷயத்தில் ஓரளவு போதாது. மொழிபெயர்த்தவர் ஈழத் தமிழ்ப் பெண். விவாகரத்து என்பதை அவர் மணமுறிவு என்றார். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து "விளங்கினதா?" என்று கேட்டார். ஐ-864-ஐ முதலில் "ஆதரவுச் சத்தியக்கடதாசி" என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு அவரே மாற்றிச் சொன்னார்: "உங்கட கணவர் உங்களைப் பராமரிப்பன் எண்டு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்த ஒப்பந்தம்." அப்போது விளங்கியது.

அடுத்த இருபது நிமிஷம்தான் என் மொத்தக் கதையையும் திருப்பிப் போட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜீவனாம்சம் வேறு, ஐ-864 வேறு. ஜீவனாம்சம் மாநிலச் சட்டம். டெக்சஸ் அதில் ரொம்பக் கறார்: பொதுவாக 10 வருஷக் கல்யாணம் வேண்டும், கிடைத்தாலும் மாதம் 5,000 டாலர் அல்லது கொடுப்பவரின் மொத்த வருமானத்தில் 20 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் போகாது. முதல் வக்கீல் சொன்னது அந்த அளவில் சரிதான். ஐ-864 மத்தியச் சட்டம், 1996-ல் வந்த குடியேற்றச் சட்டத் திருத்தத்தின் வழியாக வந்தது. ஸ்பான்சர் செய்பவர் அதில் கையெழுத்துப் போட்டால், வந்தவரின் வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 125 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வேன் என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார். கல்யாணம் எத்தனை வருஷம் என்ற கேள்வியே அதில் கிடையாது. விவாகரத்து அந்தக் கடமையை முடிக்காது. இந்த வரியை நான் மூன்று தடவை திரும்பக் கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில்.

அந்தக் கடமை முடியும் வழிகள் சில உண்டு. நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் முடியும். 40 காலாண்டு வேலைக் கணக்கு சேர்ந்தால் முடியும், சுமாராக 10 வருஷ உழைப்பு. இருவரில் ஒருவர் இறந்தால் முடியும். பிறகு, நான் குடியிருப்பு அந்தஸ்தை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போய்விட்டால் முடியும். அந்த அம்மா இதைச் சொன்னபோது எனக்கு விமான டிக்கெட் ஞாபகம் வந்தது. "ஊருக்குக் கிளம்பு" என்று அவர் ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினார் என்பதற்கு வேறு காரணம் இருந்ததா எனக்குத் தெரியாது. நான் போயிருந்தால் எது முடிந்திருக்கும் என்பது மட்டும் தெரியும்.

கணக்கை ஒரு மஞ்சள் தாளில் போட்டுக் காட்டினார். 2025-க்கு ஒரு ஆளுக்கு வறுமைக் கோடு வருஷத்துக்கு 15,650 டாலர். அதில் 125 சதவீதம் 19,562.50. மாதத்துக்கு 1,630 டாலர் வருகிறது. டே கேரில் எனக்கு மாதம் 900 கிடைக்கிறது. மீதி 730 டாலர் அவர் பொறுப்பு. பெரிய பணமில்லை. ஆனால் வாடகைக்கு ஒரு அறை எடுப்பதற்கும் யார் வீட்டு சோபாவிலோ படுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 730 டாலர்தான்.

தராவிட்டால் மாநில நீதிமன்றத்திலோ மத்திய நீதிமன்றத்திலோ வழக்குப் போடலாம், வக்கீல் செலவையும் சேர்த்துக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு என்றார். "வேலைக்குப் போகாம இருந்துட்டா?" என்று நான் கேட்டேன். எனக்காக இல்லை, கணவர் பக்கம் அப்படி வாதம் வரும் என்று தோன்றியது. வந்தவர் வேலை தேடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று 2012-ல் ஏழாவது சர்க்யூட் முறையீட்டு நீதிமன்றமும், 2017-ல் கலிபோர்னியா முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன, ஆனால் அவை டெக்சஸ் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்றார். நமக்குச் சாதகமானதைச் சொல்லும்போதே அதன் எல்லையையும் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வேலையை விடாதீர்கள் என்றும் சொன்னார்.

பிறகு அந்த வரைவுத் தீர்ப்பை எடுத்தார்கள், முதல் வக்கீல் நியாயமாக இருக்கிறது என்று சொன்ன அதே தாள்கள். ஒன்பதாவது பக்கத்தில், இரு தரப்பும் ஒருவர் மேல் ஒருவருக்குள்ள எல்லா உரிமைகளையும், எந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்தாலும், விட்டுக்கொடுக்கிறார்கள் என்று ஒரு பத்தி. குடும்ப வக்கீல் அதைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். கல்யாணத்துக்கு முன்பு செய்த ஒப்பந்தத்தால் ஐ-864 கடமை போகாது என்று 2016-ல் ஒன்பதாவது சர்க்யூட் சொல்லியிருக்கிறது, ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் போராடுவதைவிட, அந்தப் பத்தியை இப்போதே எடுக்கச் சொல்வோம் என்றார். எடுக்கச் செய்தார்கள்.

கார்டு விஷயத்தில் என் பயத்தில் பாதி அங்கேயே இறங்கியது. கணவனால் கிரீன் கார்டைக் கேன்சல் செய்ய முடியாது. நிரந்தரக் குடியிருப்பு கிடைத்த பிறகு ஐ-864-ஐத் திரும்ப வாங்கவும் முடியாது. ஐ-751-க்கு அவர் கையெழுத்து இல்லையென்றால், கல்யாணம் உண்மையாகச் செய்துகொண்டது, பிறகு விவாகரத்தில் முடிந்தது என்று காட்டி நான் மட்டும் தனியாக விலக்குக் கேட்டு மனு போடலாம். அதற்கு அந்த 90 நாள் கணக்கு கிடையாது. ஆனால் விவாகரத்துத் தீர்ப்பின் இறுதி நகல் வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மனு போட்டால் அந்த நகலைக் கேட்டுக் கடிதம் வரும்.

தனியே ஒரு கேள்வி கேட்டார்கள், போனில் இருப்பவரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு: அடித்தாரா, மிரட்டினாரா, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாரா? என் விஷயத்தில் அப்படி இல்லை. இருந்திருந்தால் வழி வேறு என்றார்கள். என்னைப் போல் கண்டிஷனல் கார்டு இருப்பவர் ஐ-751-லேயே அந்தக் காரணத்தைக் காட்டி விலக்குக் கேட்கலாம்; கார்டு இன்னும் கிடைக்காதவருக்கு, குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஆன கணவன் கொடுமை செய்தால் ஐ-360 என்ற மனு உண்டு, அதற்குக் கட்டணம் கிடையாது, கணவனுக்குத் தெரியவும் வராது. குடும்ப வன்முறைக்காக அவர் தண்டிக்கப்பட்டிருந்தால் டெக்சஸின் 10 வருஷ விதிகூட வேறு மாதிரி பொருந்தும். டாலஸில் சேத்னா, ஹூஸ்டனில் தயா என்று நம் பக்கத்துப் பெண்களுக்கான அமைப்புகள் இருப்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். நான் எதுவும் சொல்லாமலே அவர்களாகவே இதைக் கேட்டது அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு முக்கியக் காரணம். முதல் இடத்தில் என்னைப் பற்றி ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

இனி வேலை எப்படி நடந்தது என்று. மார்ச் 28-ம் தேதி பதில் மனு போட்டார்கள். ஐ-864 நகலுக்காக யூஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறையில் தகவல் உரிமை மனு ஆன்லைனில் போட்டோம், அதற்குப் பணம் இல்லை. அது வருவதற்குள் நானே கண்டுபிடித்துவிட்டேன். விசாவுக்காக அவர் 2022-ல் எனக்கு அனுப்பிய ஒரு பழைய மெயிலில் மற்ற காகிதங்களோடு அதுவும் ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் பழைய மெயில்களை இன்றே தேடிப் பாருங்கள், "864" என்று போட்டாலே போதும்.

ஐ-751-க்கான ஆதாரங்களைச் சேர்க்க அலுவலக உதவியாளர் பெண் ஒரு பட்டியல் கொடுத்தார். இரண்டு பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து போட்ட வருமான வரி, இன்ஷூரன்ஸ், போட்டோக்கள். வாட்ஸ்அப் பேச்சுகளையும் கேட்டார். எங்கள் பேச்செல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். "சாப்டியா", "பஸ் ஏறிட்டேன்" மாதிரி. ஆங்கில எழுத்தில் இருந்தாலும் அது ஆங்கிலம் இல்லையே, அதற்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். நானே செய்வதைவிட வேறொருவர் செய்து, இரண்டு மொழியும் தெரியும் என்று கையெழுத்துப் போடுவது நல்லது என்றார்கள். டே கேர் அக்காதான் செய்துகொடுத்தார். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து 2022-ல் நாங்கள் பேசிக்கொண்டதை வரி வரியாக ஆங்கிலத்தில் எழுதியது எனக்குக் கஷ்டமான ஒரு சாயங்காலம். அந்தக் கல்யாணம் உண்மையாகத்தான் இருந்தது. அதை நிரூபிக்க ஆதாரம் தேடியபோதுதான் அது எனக்கே திரும்பத் தெரிந்தது.

மே மாதம் மத்தியஸ்தம். வக்கீல் 125 சதவீதக் கணக்கை வைத்தார், கணவர் பக்கம் இரண்டு மணி நேரம் மறுத்துவிட்டு ஒத்துக்கொண்டது. மாதம் 730 டாலர். வருஷா வருஷம் புது வறுமைக் கோடும் என் வரிக் கணக்கும் பார்த்துத் தொகை மாறும். ஜூன் 3-ம் தேதி தீர்ப்பு. ஜூன் 9-ம் தேதி ஐ-751 தபாலில் போனது, கார்டு முடிய எட்டு நாள் முன்பு.

செலவு: விவாகரத்துக்கு மொத்தம் 5,150 டாலர், ஐ-751-க்கு வக்கீல் கட்டணம் 1,500, அரசுக் கட்டணம் 750. இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் நேரத்தை ஆறு நிமிஷத் துண்டுகளாகக் கணக்குப் போடுகிறார்கள். "கிடைத்தது, நன்றி" என்று நான் அனுப்பிய ஒரு மெயிலைப் படித்ததற்கு 32 டாலர் 50 சென்ட் பில் வந்தது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள், ஆனால் கேட்க வேண்டியிருந்தது. கேள்விகளைச் சேர்த்து வைத்து வாரத்துக்கு ஒரே மெயிலாக அனுப்புங்கள். கட்டண ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததும் குறைதான். அவ்வளவு பொறுமையாக மொழிபெயர்ப்பாளர் வைத்தவர்கள் அந்த நான்கு பக்கத்தையும் வாசித்துக் காட்டியிருக்கலாம்.

எச்-1பி என்ற வேலை விசாக்காரரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் இருக்கும் பெண்கள் என் கதையை வைத்து நம்பிக்கை கொள்ள வேண்டாம். என் அபார்ட்மென்டிலேயே ஒரு தங்கை இருக்கிறாள். கணவன் எச்-1பி. என்னைக் கேட்டுவிட்டு அதே அலுவலகத்துக்குப் போனாள். எச்-4-க்கு யாரும் ஐ-864-இல் கையெழுத்துப் போடுவதில்லை, அதனால் அந்த ஒப்பந்தம் அவளுக்குக் கிடையாது. அதைவிட, விவாகரத்து இறுதியாகும் நாளோடு எச்-4 அந்தஸ்து முடிகிறது. வேலை போன எச்-1பி-காரருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் அவளுக்கு இல்லை. ஆகவே அவளுக்குத் தேதிதான் எல்லாம். தீர்ப்புக்கு முன்பே படிப்பு விசாவுக்கு மாற ஐ-539 மனு போட்டுவிடவும், அது வரை தீர்ப்பை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்கள். அவள் விஷயத்தில் கொடுமையும் இருந்தது. எச்-4 பெண்கள் அந்த நிலையில் ஐ-765வி என்ற படிவத்தில் வேலை அனுமதி கேட்க முடியும் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டாள். அவளிடம் அதே 300 டாலரை இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டார்கள்.

இந்த இரண்டாவது அலுவலகத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்த இரண்டு வாரக் காத்திருப்புக்கு.

எந்த அலுவலகத்துக்குப் போவதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் போனிலேயே ஒன்று கேளுங்கள்: "ஐ-864 வழக்கு பார்த்திருக்கிறீர்களா?" என்ன அது என்று திருப்பிக் கேட்டால் அடுத்த நம்பருக்குப் போய்விடுங்கள்.

ஜூன் கடைசியில் ஐ-751 ரசீது வந்தது. கார்டின் காலத்தை 48 மாதம் நீட்டிப்பதாக அதில் எழுதியிருக்கிறது. காலாவதியான கார்டையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கல்யாணம் நீடித்திருந்தால் மூன்று வருஷத்தில் குடியுரிமைக்கு மனு போட்டிருப்பேன், இப்போது ஐந்து வருஷக் கணக்கு. 2028 மார்ச்சில் போடலாம். அது கிடைக்கும் நாளோடு மாதம் 730-ம் நின்றுவிடும். அதற்குள் டே கேரில் முழு நேர வேலை வாங்கிவிட வேண்டும். அதற்கு வேண்டிய சர்டிபிகேட் வகுப்பில் ஆகஸ்டில் சேர்ந்துவிட்டேன்.